2147483647 என்ற பகா எண்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன எண்? இதற்கென்று தனியாகக் கேள்வி பதில் எதற்கு?

214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. பத்து இலக்கம். 31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் கிடைப்பது, அதாவது 2³¹ − 1. இது பகா எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது.

பெரிய பகா எண் என்றால் இப்போதெல்லாம் கோடிக்கணக்கான இலக்கங்கள் கொண்டவற்றைத்தான் செய்திகளில் சொல்கிறார்கள். 2024 அக்டோபரில் அகப்பட்ட ஒன்றுக்கு 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள். அதுவும் 2-இன் அடுக்கிலிருந்து ஒன்று கழித்ததுதான், அடுக்கு 136279841. பிரமாதம்தான். ஆனால் அதைப் பற்றி 'ரொம்பப் பெரியது' என்பதற்கு மேல் நம்மால் அதிகம் பேச முடியாது. 2147483647 அப்படியில்லை. காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்கலாம். உள்ளே போனால் தெரிவது இதுதான்: இதன் குணங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. இரும முறையில் எழுதினால் இந்த எண் வரிசையாக 31 ஒன்றுகள். நடுவில் ஒரு பூஜ்யம்கூடக் கிடையாது.

அடுக்கில் இருக்கும் 31 பகா எண் என்பதால்தான் இதுவும் பகா எண்ணா?

இல்லை. அடுக்கு பகா எண்ணாக இருந்தே ஆக வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது.

அடுக்கு பகு எண் என்றால் ஒன்றுகளின் வரிசையைச் சமமான துண்டுகளாக வெட்டிவிடலாம். 15 ஒன்றுகளை மூன்று மூன்றாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் 111, அதாவது 7. ஆகவே 2¹⁵ − 1 = 32767 நிச்சயம் 7-ஆல் வகுபடும். ஐந்து ஐந்தாக வெட்டினால் 31-ஆல் வகுபடும். முழுதாகப் பிரித்தால் 7 × 31 × 151.

31 ஒன்றுகளை அப்படிச் சமமாக வெட்ட முடியாது. சரி, அதோடு முடிந்ததா என்றால், இல்லை. 11-உம் பகா எண்தான், ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. அடுக்கு 23-உம் கவிழ்த்துவிடும்: 2²³ − 1 என்பது 47 × 178481. 29-இலும் அதே கதை, 233 × 1103 × 2089. அடுக்கு 2, 3, 5, 7, 13, 17, 19 ஆகியவற்றில் பகா எண் கிடைக்கிறது, அடுத்ததாக 31. இவற்றுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். நம்முடையது எட்டாவது.

மெர்சென் 17-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுத் துறவி. எந்தெந்த அடுக்குகளுக்குப் பகா எண் வரும் என்று 1644-இல் ஒரு பட்டியல் வெளியிட்டார்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. இதில் 67-உம் 257-உம் தவறு. 61, 89, 107 விடுபட்டுப்போயின. 31 சரி. ஆனால் அவர் காலத்தில் அதைச் சோதிக்க யாருக்கும் வழியில்லை.

அப்படியானால் முதலில் நிரூபித்தது யார்?

லெனார்ட் ஆய்லர். 1772-இல், பெர்னூலி குடும்பத்தைச் சேர்ந்த ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்கிறார். அப்போது அவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார். கண்பார்வை ஏறக்குறைய முழுதும் போய்விட்ட காலம்.

வேலை எவ்வளவு என்று பாருங்கள். ஓர் எண் பகு எண்ணாக இருந்தால் அதன் வர்க்கமூலத்துக்குள் ஒரு பகாக் காரணி இருந்தே தீரும். 2147483647-இன் வர்க்கமூலம் 46340-ஐக் கொஞ்சம் தாண்டும். அதற்குள் 4792 பகா எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாலும் பத்து இலக்க எண்ணை வகுத்துப் பார்ப்பது பைத்தியம் பிடிக்க வைக்கும் வேலை. செய்யவே முடியாது என்றில்லை, ஆனால் நடுவில் எங்காவது ஒரு பிழை விழுந்தால் யாருக்கும் தெரியாது.

ஆய்லர் செய்தது வேறு. இந்த எண்ணுக்குக் காரணி என்று ஒன்று இருந்தால் அது எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்று முதலில் கேட்டார். விடை: 248-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 வர வேண்டும். மற்ற எல்லாவற்றையும் பார்க்காமலே தள்ளிவிடலாம். 46340-க்குள் அப்படிப்பட்ட எண்கள், 1-ஐயும் 63-ஐயும் விட்டுவிட்டால், 372 மட்டுமே. அவற்றிலும் பலவற்றைப் பார்த்தவுடனே பகு எண் என்று சொல்லிவிடலாம்: 249 மூன்றால் போகும், 497 ஏழால் போகும், 559 என்பது 13 × 43. முதலில் நிற்கும் உண்மையான ஆள் 311. வகுத்துப் பார்த்தால் மீதி 35. அடுத்து 1303, மீதி 226. அடுத்து 1489, மீதி 199. இப்படியே 46340 வரை போக வேண்டும். எதிலும் மீதி பூஜ்யம் வராது.

அந்த 248 எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஆனால் எண்ணின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது.

'க' என்ற பகா எண் 2³¹ − 1-ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் 2³¹-ஐ க-வால் வகுத்தால் மீதி 1. இப்போது 2, 4, 8, 16 என்று இரண்டின் அடுக்குகளை வரிசையாக க-வால் வகுத்துக்கொண்டே போனால், மீதி 1 முதன்முதலில் எந்த அடுக்கில் வரும்? அந்த முதல் அடுக்கு 31-ஐ வகுக்க வேண்டும். 31 பகா எண் என்பதால் அது 1 அல்லது 31. அடுக்கு 1 என்றால் 2-ஐ வகுத்தே மீதி 1 வர வேண்டும், அது நடக்காது. ஆகவே 31. இன்னொரு பக்கம், ஃபெர்மாவின் சிறிய தேற்றம் 'க − 1' என்ற அடுக்கிலும் மீதி 1 வரும் என்கிறது. மீதி 1 வருவது 31-இன் மடங்குகளில் மட்டும்தான். எனவே க − 1 என்பது 31-இன் மடங்கு. க ஒற்றைப்படை என்பதால் க − 1 இரட்டைப்படையும்கூட. ஆக, அது 62-இன் மடங்கு.

இது முதல் வடிகட்டி. இரண்டாவது இன்னும் நேர்த்தி. 2³¹-க்கு மீதி 1 என்றால் 2³²-க்கு மீதி 2. ஆனால் 2³² என்பது 65536-இன் வர்க்கம். அதாவது க-வால் வகுக்கும் உலகத்தில் 2 என்பது ஒரு வர்க்க எண். க-வை 8-ஆல் வகுத்து மீதி 1 அல்லது 7 வந்தால் மட்டுமே இது சாத்தியம் என்று ஒரு பழைய தேற்றம் இருக்கிறது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். முதல் வடிகட்டியில் தப்பி வருபவை 1, 63, 125, 187. அதற்கு மேல் 248 கூட்டக் கூட்ட அதே நான்கு வகை திரும்ப வரும். இந்த நான்கையும் 8-ஆல் வகுத்தால் மீதிகள் 1, 7, 5, 3. ஐந்தும் மூன்றும் தகுதியில்லாதவை, போகட்டும். 1-உம் 63-உம் மிஞ்சுகின்றன. அவ்வளவுதான்.

4792 வகுத்தல்களை நூற்றுக்கும் கீழே கொண்டுவந்தது இந்த இரண்டு பத்தி வாதம். எனக்குப் பிடித்தது வகுத்தல்கள் இல்லை, இதுதான்.

இன்று இதை எப்படிச் சோதிப்பார்கள்?

இந்த அளவு எண்ணை ஒரு கணினி கண் இமைக்கும் நேரத்தில் ஒவ்வொன்றாக வகுத்தே முடித்துவிடும். ஆனால் மெர்சென் எண்களுக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. 1870-களில் எட்வார்ட் லூக்காஸ் தொடங்கி வைத்து, பின்னால் டெரிக் லெமர் செம்மைப்படுத்தியது.

4-இல் தொடங்குங்கள். வர்க்கம் எடுத்து 2-ஐக் கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கு 7 என்றால் 5 முறை, 31 என்றால் 29 முறை, அதாவது அடுக்கைவிட இரண்டு குறைவாகச் செய்ய வேண்டும். கடைசியில் பூஜ்யம் வந்தால் பகா எண். வராவிட்டால் பகு எண். நடுத்தரமான பதிலே கிடையாது.

127-க்குச் செய்து பார்ப்போம்: 4, 14, 67, 42, 111, 0. பகா எண். 2047-க்கு: 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. பூஜ்யம் வரவில்லை, ஆகவே பகு எண். கவனியுங்கள், 23 × 89 என்ற காரணிகள் பற்றி இந்தக் கணக்கு வாயே திறக்கவில்லை. பகு எண் என்று மட்டும் சொல்கிறது.

2147483647-க்கு வரிசை இப்படித் தொடங்கும்: 4, 14, 194, 37634, 1416317954, 669670838. ஐந்தாவது முறை வர்க்கம் எடுக்கும்போதுதான் முதன்முறையாக எண் எல்லை தாண்டி, வகுத்து மீதி எடுக்கும் வேலை வருகிறது. கடைசியில் பூஜ்யம் வர வேண்டுமானால் அதற்கு முந்தைய எண்ணின் வர்க்கத்துக்கு மீதி 2 வர வேண்டும். அப்படிப்பட்ட எண்கள் இரண்டே: ஒன்று, நாம் மேலே பார்த்த அதே 65536. மற்றது 2147483647-இலிருந்து 65536-ஐக் கழித்தால் வரும் 2147418111. உங்கள் நிரல் 28-ஆவது படியில் இவை இரண்டில் ஒன்றைக் காட்டவில்லை என்றால் எங்கோ பிழை இருக்கிறது.

பகா எண் என்பதற்குச் சின்னதாக ஒரு சான்று கொடுக்க முடியுமா? நானே சரிபார்க்கிற மாதிரி?

முடியும். அதற்கு இந்த எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து வருவதைப் பிரிக்க வேண்டும்.

2147483646 = 2 × (2³⁰ − 1). இங்கே நமக்கு யோகம். 2³⁰ − 1 என்பது இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம் என்பதால் 32767 × 32769 என்று உடைந்துவிடும். 32767-ஐ ஏற்கெனவே உடைத்தோம். 32769 = 3 × 3 × 11 × 331. ஆக மொத்தம்:

2147483646 = 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331

இப்போது 7-இன் அடுக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2147483647-ஆல் வகுக்கும்போது, 7-இன் 2147483646-ஆம் அடுக்குக்கு மீதி 1 வரும். அந்த அடுக்கை 2, 3, 7, 11, 31, 151, 331 ஆகிய ஏழில் எதனால் வகுத்துக் குறைத்தாலும் மீதி 1 வராது. இந்த எட்டுக் கணக்குகளும் சரி என்று பார்த்துவிட்டால் எண் பகா எண் என்பது உறுதி. பகு எண்ணாக இருந்தால் 7-இன் அடுக்குகளுக்கு இவ்வளவு நீளமான சுற்று கிடைத்திருக்காது. ஒவ்வோர் அடுக்கையும் வர்க்கம் எடுத்து எடுத்தே முப்பது சொச்சம் படிகளில் எட்டிவிடலாம்.

இப்படி எல்லா மீதிகளையும் ஒரு சுற்றில் தொட்டுவிடும் எண்ணை 'பிரிமிட்டிவ் ரூட்' என்பார்கள். 2147483647-க்கு 7-தான் மிகச் சிறிய பிரிமிட்டிவ் ரூட். மொத்தம் 53 கோடியே 46 லட்சம் இருக்கின்றன, ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. 2 அந்தக் கூட்டத்தில் சேராது. 31 படியிலேயே 1-க்குத் திரும்பிவிடும், பாவம்.

செவ்விய எண்ணுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

தன்னைத் தவிர மற்ற வகுத்திகளைக் கூட்டினால் அதே எண் வருமானால் அது செவ்விய எண்: 6 = 1 + 2 + 3. 28-உம் அப்படியே. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு செவ்விய எண்ணைத் தரும் என்று யூக்ளிட் காட்டினார். இரட்டைப்படைச் செவ்விய எண்கள் எல்லாமே இந்த வழியில்தான் வரும் என்று ஆய்லர் காட்டினார்.

நம் எண்ணை 2³⁰-ஆல் பெருக்கினால் எட்டாவது செவ்விய எண்: 2305843008139952128. பத்தொன்பது இலக்கம். 1, 2, 3 என்று தொடங்கி 2147483647 வரை எல்லா எண்களையும் கூட்டினால் வரும் தொகையும் இதேதான்.

1811-இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர், இனி யாரும் கண்டுபிடிக்கப்போகும் செவ்விய எண்களில் இதுவே மிகப் பெரியதாக இருக்கும் என்று எழுதினார். இதனால் யாருக்கும் பயன் இல்லை, வெறும் ஆர்வத்துக்காக இதைத் தாண்டிப் போக எவர் மெனக்கெடுவார் என்பது அவர் எண்ணம். ஆய்லர் நிரூபித்து முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக இதைவிடப் பெரிய பகா எண் எதுவும் அகப்படவில்லை என்பதும் உண்மைதான். 1876-இல் லூக்காஸ் 2¹²⁷ − 1-ஐப் பிடித்தார், 39 இலக்கம். வெறும் ஆர்வத்தைக் குறைத்து எடைபோட்டதுதான் பார்லோ செய்த தவறு.

கணினியில் இந்த எண் அடிக்கடி கண்ணில் படுகிறதே? பகா எண் என்பதாலா?

இல்லவே இல்லை. அது தற்செயல்.

32 பிட்டில் ஒரு முழு எண்ணை வைக்கும்போது ஒரு பிட் மிகையா குறையா என்ற குறிக்குப் போய்விடும். மிச்சம் 31 பிட். அத்தனையிலும் 1 போட்டால் வருவது 2147483647. அதனால்தான் விளையாட்டுகளில் புள்ளிகள் இந்த எண்ணில் முட்டி நிற்பதும், தரவுத்தளத்தில் வரிசை எண் இங்கே தீர்ந்துபோவதும். பதினாறின் அடிமானத்தில் எழுதினால் ஒரு 7, பின்னால் ஏழு எஃப்.

பகா எண்ணாக அமைந்தது அதிர்ஷ்டம்தான் என்பதற்கு அக்கம்பக்கத்து அளவுகளைப் பார்த்தாலே போதும். 8 பிட்டுக்கு உச்சம் 127, பகா எண். 16 பிட்டுக்கு 32767, இல்லை. 32 பிட்டுக்கு நம் எண். 64 பிட்டுக்கு 2⁶³ − 1, அது 7-ஆல் இரண்டு முறை வகுபடும், இல்லை. 128 பிட்டுக்கு 2¹²⁷ − 1, லூக்காஸ் பிடித்த அதே பகா எண். ஒன்று விட்டு ஒன்று! இதைப் பார்த்துவிட்டு விதி ஏதோ இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். 15, 63 இரண்டும் பகு எண்கள் என்பதால் அவை தோற்றது நியாயம். மற்ற மூன்றும் ஜெயித்ததற்குப் பின்னால் பொதுவான காரணம் எதுவும் தெரியவில்லை.

2038-ஆம் ஆண்டுப் பிரச்சினை என்கிறார்களே, அது?

யூனிக்ஸ் வழி வந்த அமைப்புகள் 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து எத்தனை வினாடி ஆனது என்று எண்ணி நேரத்தை வைத்துக்கொள்கின்றன. அந்த எண்ணிக்கையை 32 பிட்டில் வைத்திருந்தால், 2038 ஜனவரி 19 அன்று உலகப் பொது நேரம் 03:14:07-க்கு அது 2147483647-ஐத் தொடும். அடுத்த வினாடி −2147483648 ஆகி, தேதி 1901 டிசம்பர் 13-க்குத் தாவும். 64 பிட்டுக்கு மாறியவற்றில் இந்தத் தொல்லை இல்லை.

ரேண்டம் எண்களுக்கு இதைப் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மையா?

உண்மை. இங்கே பகா எண்ணாக இருப்பது நிஜமாகவே வேலைக்கு வருகிறது.

முறை எளிது. ஏதாவது ஓர் எண்ணில் தொடங்குங்கள். 16807-ஆல் பெருக்குங்கள், 2147483647-ஆல் வகுத்து மீதியை எடுங்கள். அதுதான் அடுத்த எண். 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073, 984943658 என்று போகும். 16807 என்பது 7-இன் ஐந்தாம் அடுக்கு. 7 பிரிமிட்டிவ் ரூட். 5-க்கும் 2147483646-க்கும் பொதுக் காரணி இல்லை என்பதால் 16807-உம் பிரிமிட்டிவ் ரூட்தான். அதனால் 1 முதல் 2147483646 வரை எல்லா எண்ணையும் ஒரே ஒரு முறை தொட்ட பிறகுதான் வரிசை தொடக்கத்துக்குத் திரும்பும்.

அடிப்படை யோசனை டெரிக் லெமருடையது, மேலே சோதனையில் பார்த்த அதே ஆள். 1988-இல் பார்க், மில்லர் இருவரும் இந்த 16807 வடிவத்தை 'குறைந்தபட்சத் தரம்' என்று முன்வைத்தார்கள், அதாவது இதைவிட மட்டமானதை யாரும் பயன்படுத்தக் கூடாது என்ற பொருளில். சி++ மொழியின் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் இது இன்றும் இருக்கிறது. நீங்களே எழுதிப் பார்த்தால், 1-இல் தொடங்கி பத்தாயிரமாவது எண் 1043618065 வர வேண்டும்.

பகா எண்ணுக்குப் பதில் 2³¹-ஐயே வைத்திருந்தால் வகுத்தல் இன்னும் சுலபம், ஆனால் கடைசி பிட் மாறவே மாறாது: ஒற்றைப்படையில் தொடங்கினால் எப்போதும் ஒற்றைப்படைதான் வரும். ரேண்டம் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கும்.

இவ்வளவு பெரிய எண்ணால் வகுப்பது மெதுவான வேலை இல்லையா?

வகுக்கவே தேவையில்லை. 31 ஒன்றுகள் என்ற அமைப்பு இங்கே கைகொடுக்கிறது.

2³¹-க்கு மீதி 1 என்பதால், ஒரு பெரிய எண்ணின் கடைசி 31 பிட்டை ஒரு துண்டாகவும் அதற்கு மேல் இருப்பதை இன்னொரு துண்டாகவும் வெட்டி, இரண்டையும் கூட்டினால் போதும். மீதி கிடைத்துவிடும். மேலே உள்ள வரிசையில் ஒரு படியைச் செய்து பார்க்கலாம்:

282475249 × 16807 = 4747561509943. இதில் 2147483648 (அதாவது 2³¹) 2210 முறை அடங்கும், மிச்சம் 1622647863. இரண்டையும் கூட்டுங்கள்: 2210 + 1622647863 = 1622650073. வரிசையில் அடுத்து இருந்த எண் அதேதான். கணினிக்கு 2³¹-ஆல் பிரிப்பது வெறும் பிட் நகர்த்தல். கூட்டுத்தொகை எல்லை தாண்டினால் 2147483647-ஐ ஒரு முறை கழித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ரகசியக் குறியாக்கத்துக்கு இது உதவுமா?

உதவாது, இரண்டு காரணங்களால். ஒன்று, சிறியது. ஆர்எஸ்ஏ என்ற குறியாக்க முறையில் இன்று பயன்படும் பகா எண்கள் 300 இலக்கத்துக்கும் மேல். இரண்டு, ஒன்று கழித்தால் வரும் 2147483646 பொடிப்பொடியாக உடைந்துவிடுகிறது. அதன் மிகப் பெரிய பகாக் காரணியே 331 தான். '7-இன் எந்த அடுக்குக்கு இந்த மீதி வரும்?' என்ற கேள்வி கடினமாக இருப்பதை நம்பித்தான் சில குறியாக்க முறைகள் நிற்கின்றன. இங்கே அந்தக் கேள்வியை 2, 9, 7, 11, 31, 151, 331 என்ற குட்டிச் சுற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாகத் தீர்த்து, விடைகளை ஒட்டிவிடலாம். போலிக், ஹெல்மன் இருவரின் பெயரால் அறியப்படும் வழி அது. மேலே சொன்ன ரேண்டம் எண் முறையும் பாதுகாப்புக்கு ஆகாது: ஓர் எண் தெரிந்தால் அடுத்தது தெரிந்துவிடும்.

இரட்டைப் பகா எண்ணா? வரிசையில் எத்தனையாவது?

இரண்டு தள்ளி இன்னொரு பகா எண் இருந்தால்தான் இரட்டை. இது இரட்டை இல்லை. இரண்டு குறைத்தால் 5-இல் முடியும். இரண்டு கூட்டினால் 2³¹ + 1, அது 3-ஆல் வகுபடும். முந்தைய பகா எண் 2147483629, அடுத்தது 2147483659.

பகா எண்களை 2, 3, 5 என்று வரிசைப்படுத்தினால் இது 10 கோடியே 50 லட்சத்து 97 ஆயிரத்து 565-ஆவது. எண்ணை அதன் இயல் மடக்கையால் வகுக்கும் தோராயச் சூத்திரம் ஏறக்குறைய 9 கோடியே 99 லட்சம் என்று சொல்லும், உண்மையைவிட 5 சதவீதம் குறைவு.

வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியுமா?

இரண்டு வர்க்கங்களால் முடியாது, மூன்றாலும் முடியாது. 8-ஆல் வகுத்தால் மீதி 7 வரும் எந்த எண்ணுக்கும் நான்கு வர்க்கங்கள் கட்டாயம் வேண்டும். வர்க்கங்களை 8-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4 மட்டுமே. மூன்றைக் கூட்டி 7-ஐ எட்டவே முடியாது. நான்கு போதும் என்பது லக்ராஞ்சின் தேற்றம்.

இதை இரட்டித்து ஒன்று கூட்டினால் பகா எண் வருமா?

வராது, ஆனால் வருவது அழகாக இருக்கும். 4294967295, அதாவது 2³² − 1. அது 3 × 5 × 17 × 257 × 65537. இதுவரை தெரிந்திருக்கும் ஐந்து ஃபெர்மா பகா எண்களும் (2-இன் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் வரும் ஒற்றைப்படைப் பகா எண்கள்), ஒன்று விடாமல், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை.

31-உம் ஒரு மெர்சென் பகா எண்தானே? அப்படியே மேலே மேலே ஏறிப் போகலாமா?

நல்ல கேள்வி. 31 = 2⁵ − 1. அதை அடுக்காக வைத்தால் நம் எண். இப்படி மெர்சென் பகா எண்ணை அடுக்காக வைத்து வரும் பகா எண்கள் நான்கு மட்டுமே தெரியும்: 7, 127, 2147483647, 2¹²⁷ − 1.

2147483647-ஐயே அடுக்காக வைத்தால்? வரும் எண்ணுக்கு 64 கோடிக்கும் அதிகமான இலக்கங்கள். லூக்காஸ்–லெமர் சோதனையை அதன்மேல் ஓட்ட வேண்டிய அவசியம் வரவில்லை, ஏனென்றால் அதற்கு ஒரு காரணி 1983-இலேயே அகப்பட்டுவிட்டது: 295257526626031. ஆய்லரின் முதல் வடிகட்டி இங்கேயும் அப்படியே பொருந்துகிறது. காரணியிலிருந்து ஒன்றைக் கழித்தால் அது அடுக்கின் இரட்டை மடங்காக இருக்க வேண்டும் இல்லையா? கழித்து 2147483647-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதியில்லாமல் 137490 வரும்.